"அண்ணே, ஓடல": ஓட்டுநர்களின் இணையவழி வகுப்பில் வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழியும்

பத்து வருடங்களுக்கு மேல் லாரி ஓட்டினேன். இடுப்பு வலி வந்த பிறகு ஒரு பயிற்சி மையத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது. பாடம் நடத்துபவர் வேறு. நான் ஜூமில் ஓரமாக இருந்து, உள்ளே வர முடியாமல் வெளியே நிற்பவர்களை உள்ளே கூட்டிவரும் ஆள். டாக்ஸி, தனியார் வாடகை கார், பேருந்து, லாரி என்று எல்லா வகை ஓட்டுநர்களையும் பார்த்தாகிவிட்டது. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சிங்கப்பூர் வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலத்தில் பெருகிய பழக்கம் இது. கொவிட் அடங்கிய பிறகும் உட்கார்ந்து கேட்கும் பாடங்கள் பல திரையிலேயே தங்கிவிட்டன.

வகுப்பு 9 மணிக்கு என்றால் 8.40-க்கு என் போன் அலறத் தொடங்கும். எல்லாரும் சொல்வது ஒரே வார்த்தைதான்: "அண்ணே, ஓடல." வண்டியைக் கொண்டுபோய் இப்படிச் சொன்னால் மெக்கானிக் என்ன கேட்பார்? ஸ்டார்ட்டே ஆகவில்லையா, ஸ்டார்ட் ஆகி நின்றுபோகிறதா, ஓடுகிறது ஆனால் இழுக்கவில்லையா என்று கேட்பார். இங்கேயும் அதே கதைதான். எது ஓடவில்லை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எதைத் தொடுவதற்கும் முன்

மூன்று கேள்விகள். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் மற்றவர்களும் இதே குறையைச் சொல்கிறார்களா? ஆம் என்றால் கோளாறு மையத்தின் பக்கம். உங்கள் போனை நோண்டாமல் ஐந்து நிமிடம் பொறுங்கள். அதே போனில் யூடியூப் ஓடுகிறதா? ஓடவில்லை என்றால் ஜூம் மீது பழி போடாதீர்கள், இணையமே இல்லை. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் முயன்றால் நிலைமை மாறுகிறதா? மாறினால் வைஃபைதான் குற்றவாளி.

இன்னொன்று. "ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்று" என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்வான். அதை முதலில் செய்யாதீர்கள். அழித்தால் மைக், கேமரா அனுமதி எல்லாம் போய்விடும். புதிதாக இறக்க நேரமாகும், ஆப் ஸ்டோர் பாஸ்வேர்டு மறந்திருக்கும், அதற்குள் வருகைப் பதிவு முடிந்திருக்கும். இன்ஜினைக் கழற்றுவது கடைசி வேலை.

லிங்கை அழுத்தினால் காத்திருக்கச் சொல்கிறது, உள்ளே விடவில்லை

திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். 'வெயிட்டிங் ஃபார் ஹோஸ்ட்' என்றால் வகுப்பே இன்னும் தொடங்கவில்லை, அல்லது நீங்கள் வேறு நாளின் லிங்கில் நிற்கிறீர்கள். இரண்டு நாள் பாடத்துக்கு இரண்டு லிங்க் வருவது உண்டு. முதல் நாள் லிங்கை இரண்டாம் நாள் அழுத்திவிட்டு அரை மணி நேரம் அமைதியாகக் காத்திருந்த ஒரு பேருந்து ஓட்டுநரை எனக்குத் தெரியும். பேருந்துக்குக் காத்திருக்கும் பயணிகளின் கஷ்டம் அன்றைக்குத்தான் தெரிந்தது என்றார்.

'ஹோஸ்ட் வில் லெட் யூ இன்' என்று வந்தால் நீங்கள் வாசல் வரை வந்துவிட்டீர்கள், நான்தான் கதவைத் திறக்க வேண்டும். ஆனால் நான் திறக்காததற்கு ஒரு காரணம் இருக்கும். என் திரையில் உங்கள் பெயர் 'கேலக்ஸி ஏ14' என்றோ 'அப்பா போன்' என்றோ தெரியும். என் பட்டியலில் கேலக்ஸி என்று யாரும் கிடையாது. உள்ளே நுழையும்போது பெயர் கேட்கும் கட்டத்தில், அடையாள அட்டையில் உள்ளபடி பெயரை எழுதுங்கள். நம் ஆட்களில் பலருக்கு அட்டையில் 'சன் ஆஃப்' போட்டு அப்பா பெயரும் சேர்ந்திருக்கும். முழுவதும் எழுத வேண்டியதில்லை, ஆனால் உங்கள் சொந்தப் பெயர் இருக்க வேண்டும். ஒரே வகுப்பில் மூன்று குமார் இருந்தால் அப்பா பெயரும் வேண்டும்.

அடையாள அட்டை எண்ணைப் பெயருக்குப் பக்கத்தில் போடாதீர்கள். வகுப்பில் இருக்கும் எல்லார் கண்ணிலும் அது படும். மையம் எண்ணைக் கேட்டால் கடைசி நான்கு எழுத்து எண்களைத் தனியாக அனுப்பினால் போதும்.

பாஸ்கோடு தவறு என்று வந்தால், சைபரையும் ஆங்கில ஓ எழுத்தையும் மாற்றி அடித்திருப்பீர்கள். கையால் அடிக்காமல் வாட்ஸ்அப்பில் வந்த லிங்கையே அழுத்தினால் அந்தத் தொல்லை இல்லை. ஜூமில் கணக்கு தொடங்கச் சொல்லிக் கேட்டாலும் பெரும்பாலான வகுப்புகளுக்கு அது தேவையில்லை. 'ஜாயின் எ மீட்டிங்' போதும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சிங்கப்பூரில் காலை 9 மணி என்றால் தமிழ்நாட்டில் 6.30. அங்கிருந்து சேர்வதை மையம் ஏற்குமா என்று முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் அலாரம் வையுங்கள்.

உள்ளே வந்துவிட்டேன், சத்தம் கேட்கவில்லை

இதுதான் எங்களுக்கு வரும் குறைகளில் முதல் இடம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் திரையின் கீழே இடது ஓரத்தைப் பாருங்கள். அங்கே மைக் படம் இல்லாமல் ஹெட்ஃபோன் படமோ 'ஜாயின் ஆடியோ' என்றோ இருந்தால் நீங்கள் படத்தோடு மட்டும்தான் சேர்ந்திருக்கிறீர்கள், ஒலியோடு சேரவில்லை. உள்ளே நுழைந்தவுடன் ஒரு கேள்வி வந்திருக்கும். அவசரத்தில் அதை மூடியிருப்பீர்கள். அந்தப் படத்தை அழுத்தி, 'வைஃபை ஆர் செல்லுலார் டேட்டா' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பத்துப் பேரில் பாதிப் பேருக்கு இதோடு சரியாகிவிடும்.

சரியாகவில்லையா? அடுத்து ப்ளூடூத். ஓட்டுநர்களுக்கென்றே வரும் கோளாறு இது. உங்கள் போன் பகல் முழுவதும் வண்டியின் ஸ்பீக்கரோடும் காதில் மாட்டும் இயர்பீஸோடும் இணைந்தே இருக்கும் போன். பையில் கிடக்கும் இயர்பீஸ் அணையாமல் இருந்தால், பயிற்றுநர் உங்கள் பைக்குள் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து வகுப்பில் சேர்பவர்களுக்கு இன்னொரு வேடிக்கை நடக்கும்: சாவியைத் திருப்பிய நொடியில் குரல் காரின் ஸ்பீக்கருக்குத் தாவும், காரில் ஒலி குறைத்து வைத்திருந்தால் எதுவும் கேட்காது. ப்ளூடூத்தை ஒருமுறை அணைத்துவிட்டுப் பாருங்கள். குரல் திரும்பி வந்தால் இதுதான் காரணம்.

அதுவும் இல்லையென்றால் ஒலி அளவு. வகுப்புக்கு வெளியே நின்று ஒலியைக் கூட்டினால் பாட்டு, வீடியோவின் ஒலிதான் கூடும். வகுப்புக்குள் இருக்கும்போதே பக்கவாட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும், அப்போதுதான் பேச்சின் ஒலி கூடும்.

நீங்கள் கேட்கிறீர்கள், ஆனால் நீங்கள் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை என்றால் மைக் மீது சிவப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள். கோடு இல்லாமலும் கேட்கவில்லை என்றால் போனின் செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் ஜூம், அதில் பெர்மிஷன்ஸ், அங்கே மைக்ரோஃபோனை அனுமதியுங்கள். முதன்முதலில் ஆப்பைத் திறந்தபோது அது கேட்டிருக்கும், நீங்கள் 'டோண்ட் அலவ்' அழுத்தியிருப்பீர்கள். கண்ட ஆப்பும் மைக்கைக் கேட்கும் காலத்தில் அப்படி அழுத்தியதைக் குறை சொல்ல மாட்டேன்.

பாதி வகுப்பில் யாராவது போன் செய்து, பேசிவிட்டுத் திரும்பினால் ஒலி போயிருக்கிறதா? மறுபடி 'ஜாயின் ஆடியோ'தான். வகுப்பு நேரத்தில் 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டு, வீட்டு எண்ணை மட்டும் விதிவிலக்காக வையுங்கள்.

எதிரொலி கேட்டால் ஒரே அறையில் இரண்டு போன்கள் வகுப்பில் இருக்கின்றன. ஒருவர் இயர்ஃபோன் போடுங்கள், மற்றவர் மைக்கை அணையுங்கள். தங்குவிடுதியில் நண்பர்கள் சேர்ந்து ஒரே போனில் பார்ப்பது மட்டும் வேண்டாம். ஒரு போனுக்கு ஒரு வருகைதான்.

திரை கறுத்து, நடுவில் பெரிய பொத்தான் மட்டும் தெரிகிறது

'டேப் டு ஸ்பீக்' என்று இருக்கிறதா? வாழ்த்துகள், நீங்கள் 'சேஃப் டிரைவிங் மோட்'டுக்குள் போயிருக்கிறீர்கள். வண்டியில் போகும்போது கவனம் சிதறக்கூடாது என்று ஜூம் வைத்திருக்கும் வசதி. படத்தையும் மைக்கையும் நிறுத்திவிடும். திரையை விரலால் தள்ளும்போது தவறிப்போய் இதற்குள் நுழைந்துவிடுவோம். எதிர்ப்பக்கமாகத் தள்ளினால் வகுப்பு திரும்ப வரும். அடிக்கடி தொல்லை கொடுத்தால் ஜூமின் செட்டிங்ஸில் அதை அணைத்துவிடலாம்.

சிலர் இந்த வசதியைப் பார்த்ததும், அப்படியென்றால் ஓட்டிக்கொண்டே வகுப்பு கேட்கலாம் போலிருக்கிறதே என்று நினைக்கிறார்கள். கூடவே கூடாது. ஓட்டும்போது போனைக் கையில் எடுத்துப் பயன்படுத்தினால் 12 டிமெரிட் பாயிண்ட், அதாவது உரிமத்தில் ஏறும் குற்றப் புள்ளிகள். வழக்கு நீதிமன்றம் போனால் முதல் குற்றத்துக்கே 1,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 24 மாதங்களில் 24 பாயிண்ட் சேர்ந்தால் உரிமம் முடக்கப்படும். ஒரு வகுப்புக்காகப் பாதியை ஒரே நாளில் கொடுப்பீர்களா? கேமராவில் பின்னால் மரங்கள் நகர்வது எங்களுக்குத் தெரியும். தெரிந்தவுடன் பயிற்றுநர் வெளியே அனுப்பிவிடுவார், அனுப்புவதுதான் நியாயம்.

நிறுத்திய வண்டிக்குள் உட்கார்ந்து கேட்பது வேறு விஷயம். வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்களுக்கு அதுதான் அமைதியான இடம். ஆனால் ஏர்கானுக்காக இன்ஜினை ஓடவிடாதீர்கள். போக்குவரத்துக் காரணம் இல்லாமல் நிற்கும் வண்டியில் இன்ஜினை ஓடவிடுவது இங்கே குற்றம், தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் போடும். எட்டு மணி நேர வகுப்பை அணைத்த காருக்குள் உட்கார்ந்து கேட்கவும் முடியாது, வெந்துபோவீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் காற்றோட்டமான தளம் பார்த்து ஒரு மணி நேரப் பாடத்துக்கு உட்காரலாம், அவ்வளவுதான். நிலத்தடி நிறுத்துமிடம் வேண்டாம், சிக்னல் இருக்காது.

படம் திக்கித் திக்கி வருகிறது, அடிக்கடி வெளியே தள்ளுகிறது

வைஃபை குறி முழுதாக இருக்கிறதே என்பார்கள். குறி முழுதாக இருப்பது உங்கள் போனுக்கும் ரூட்டருக்கும் உள்ள நட்பைத்தான் காட்டும். ரூட்டருக்கு அப்பால் எத்தனை பேர் இழுக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. தங்குவிடுதியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைத்தால் இதுதான் நடக்கும். அன்றைக்குத்தான் எல்லாரும் ஊருக்கு வீடியோ கால் போடுவார்கள். இணைந்திருக்கிறது ஆனால் இணையம் இல்லை என்று காட்டினால், விடுதி வைஃபைக்கு மறுபடி உள்நுழைய வேண்டியிருக்கும். உலாவியைத் திறந்தால் அந்தப் பக்கம் வரும்.

மொபைல் டேட்டாவுக்கு மாறுவதாக இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குழு வீடியோ வகுப்பு மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி சாப்பிடும். நாள் முழுக்க வகுப்பு என்றால் 8 ஜிபி கையில் இருக்க வேண்டும். ப்ரீபெய்டு கார்டு வைத்திருப்பவர்கள் முதல் நாள் இரவே மிச்சம் பார்த்து டாப் அப் செய்துவிடுங்கள். மதிய இடைவேளைக்குப் பிறகு காணாமல் போகிறவர்களில் பலருக்குத் தீர்ந்தது டேட்டாதான்.

இனி நம் ஊருக்கே உரிய கோளாறு. உட்லண்ட்ஸ், கிராஞ்சி, செம்பவாங், பொங்கோல் என்று வடக்குக் கரையோரம் இருப்பவர்களின் போன் சில நேரம் ஜலசந்திக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலேசிய கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். சிக்னல் நன்றாக இருக்கும், மேலே பெயர் மட்டும் வேறாக இருக்கும், டேட்டா செத்துக் கிடக்கும். ரோமிங்கைத் திறந்து வைத்திருந்தால் அதைவிட மோசம், டேட்டா ஓடும், பில்லும் சேர்ந்து ஓடும். தீர்வு எளிது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், கனெக்‌ஷன்ஸ், மொபைல் நெட்வொர்க்ஸ், நெட்வொர்க் ஆபரேட்டர்ஸ் என்று போய், தானாகத் தேர்வதை அணைத்து, உங்கள் சிங்கப்பூர் நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். ஐஃபோனில் மொபைல் சர்வீஸ் பகுதிக்குள் 'நெட்வொர்க் செலக்‌ஷன்'.

ஜோகூர் பாருவிலிருந்து கடற்பாலம் தாண்டி வந்து வேலை செய்கிறவர்களுக்கு இது தலைகீழ். வீட்டிலிருந்து வகுப்பில் சேர்ந்தால் சிங்கப்பூர் சிம் ரோமிங்கில் இருக்கும். வீட்டு வைஃபையோ மலேசிய சிம்மோ வேண்டும். மேலே சொன்னபடி நெட்வொர்க்கைக் கையால் பூட்டி வைத்திருந்தால் அந்தப் பக்கம் போனதும் 'நோ சர்வீஸ்' என்று வரும். மறுபடி தானியங்கிக்கு மாற்ற மறக்காதீர்கள். இந்த யோசனையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு இதைச் சொல்ல மறந்து, ஒரு அண்ணனிடம் நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இரண்டு சிம் போட்டிருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மொபைல் டேட்டா எந்த சிம்மில் ஓடுகிறது? ஊருக்குப் போய்வந்த பிறகு இந்திய சிம்மிலேயே விட்டிருப்பீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் திக்கினால், பயிற்றுநரிடம் சொல்லிவிட்டு உங்கள் கேமராவைச் சற்று நேரம் அணையுங்கள். சொல்லாமல் அணைக்காதீர்கள். பல மையங்களில் கேமரா திறந்திருப்பதுதான் நீங்கள் இருப்பதற்குச் சாட்சி.

வருகைப் பதிவு கியூஆர் கோடு திரையில் தெரிகிறது, எதைக் கொண்டு ஸ்கேன் செய்வது?

நல்ல கேள்வி. வகுப்பைப் பார்ப்பதும் போனில், ஸ்கேன் செய்ய வேண்டியதும் அதே போனால். தன் முதுகைத் தானே பார்க்க முயல்வது மாதிரிதான்.

அரசாங்க மானியமுள்ள பாடங்களில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, சிங்பாஸில் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளக் கணக்கு) உள்நுழைந்து வருகையைப் பதிவது வழக்கம். காலையில் ஒருமுறை, மதியத்துக்குப் பிறகு ஒருமுறை என்று கேட்கலாம். இப்படிப்பட்ட பாடங்களில் வருகை 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் மானியத்துக்கே ஆபத்து. எட்டு மணி நேர வகுப்பில் நீங்கள் இழக்கக்கூடியது இரண்டு மணி நேரம். 'அண்ணே, ஓடல' என்று காலையில் முக்கால் மணி போயிருந்தால் அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும்.

வழிகள்: வகுப்பை மடிக்கணினியிலோ பிள்ளைகளின் டேப்லட்டிலோ பார்த்தால் போன் ஸ்கேனுக்குக் கிடைக்கும். இதுதான் நல்லது. அப்படி வசதி இல்லையென்றால் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஐஃபோனில் அந்தப் படத்தைத் திறந்து கோடின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் லிங்க் வரும். ஆண்ட்ராய்டில் கூகுள் லென்ஸ் அதே வேலையைச் செய்யும். இரண்டும் வரவில்லையென்றால் வகுப்பின் சாட் பகுதியில் லிங்காகப் போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நீங்கள் கேட்டால் இன்னும் நாலு பேர் மூச்சு விடுவார்கள்.

ஆனால் அந்தக் கோடை வகுப்புக்கு வராத நண்பருக்கு அனுப்பாதீர்கள். வராதவர் வந்ததாகப் பதிந்தால் அது மானியப் பணத்தில் செய்யும் மோசடி. நட்புக்கு வேறு வழிகள் உண்டு. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய கோடை நீங்கள் ஸ்கேன் செய்து சிங்பாஸில் நுழைவதும் வேண்டாம். வகுப்புத் திரையிலோ வகுப்புச் சாட்டிலோ பயிற்றுநர் காட்டியது மட்டும்தான்.

சிங்பாஸே திறக்கவில்லை என்றால் அன்று காலையில் நான் செய்யக்கூடியது அதிகம் இல்லை. போன் மாற்றியவர்கள் புதிய போனில் ஆப்பை அமைக்க மறந்திருப்பார்கள். எண் மாற்றியவர்களுக்கு ஓடிபி பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களும் வெளிநாட்டவருக்கான அடையாள எண்ணான ஃபின்னைக் கொண்டு சிங்பாஸ் பதிந்துகொள்ளலாம். பதியாமலே இருப்பவர்கள் இன்னும் உண்டு. இது ஒன்றை மட்டுமாவது ஒரு வாரத்துக்கு முன் திறந்து பாருங்கள்.

என் முகத்துக்குப் பதில் மின்விசிறி தெரிகிறதாம்

போன் மேசையில் மல்லாந்து கிடக்கிறது. வண்டியில் இருக்கும் போன் ஹோல்டரைக் கழற்றி மேலே கொண்டுவாருங்கள். உறிஞ்சிப் பிடிக்கும் வகை என்றால் சமையலறை டைல்ஸிலோ அலமாரிக் கண்ணாடியிலோ அழகாக ஒட்டும். கண் மட்டத்தில் வையுங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துத்தான் தெரியும், எதிரே இருக்கட்டும்.

போன் சூடாகித் திரை மங்கினால் உறையைக் கழற்றி, வெயிலில்லாத இடத்தில், மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். சார்ஜ் ஏறிக்கொண்டே வீடியோ ஓடும்போது சூடு வரும். அதனால் இரவே முழுதாக ஏற்றிவிட்டு, இடைவேளைகளில் மட்டும் சொருகுங்கள்.

சத்தம் வரும் இடத்தைப் பற்றியும் ஒரு வரி. புளோக்கின் கீழ்த்தளத்தில் அன்று கல்யாணமோ சாவோ இருக்கிறதா என்று முதல் நாள் எட்டிப் பார்த்துவிடுங்கள். குயிலை மட்டும் யாராலும் நிறுத்த முடியாது. மைக்கை அணைத்து வைத்திருந்து, பேசும்போது மட்டும் திறங்கள்.

வகுப்பு நடுவில் சவாரி வந்து விழுந்துவிட்டது

தனியார் வாடகை கார் ஓட்டுநர்களுக்கு மட்டுமான அவதி. வேலை ஆப்பை ஆஃப்லைன் ஆக்காமல், தானாக ஏற்கும் வசதியும் திறந்திருந்தால், பாதி ஸ்லைடில் ஒரு பயணி சாங்கி விமான நிலையத்தில் உங்களுக்காகக் காத்திருப்பார். ரத்து செய்தால் உங்கள் கணக்குக்குக் கெடுதல், போனால் வகுப்பு போச்சு. 8.30-க்கே வெளியேறிவிடுங்கள். வெளியேறினால் பேட்டரியும் மிஞ்சும். அந்த ஆப் ஓயாமல் இருப்பிடத்தைத் தேடிக்கொண்டே இருக்கும்.

வினாடி வினா லிங்கைத் திறந்தால் என் படம் போய்விடுகிறது

போனில் இன்னொரு ஆப்புக்குப் போனால் ஜூம் உங்கள் கேமராவை நிறுத்திவிடும். ஏதோ தேர்வில் காப்பி அடிக்க ஓடிவிட்டது போலத் தெரியும். ஆண்ட்ராய்டில் திரையை இரண்டாகப் பிரித்து மேலே ஜூம், கீழே கேள்விகள் என்று வைத்தால் பெரும்பாலும் படம் நிற்காது. முடியவில்லையென்றால் திறப்பதற்கு முன் "இப்போது கேள்விக்குப் போகிறேன்" என்று வாயால் சொல்லிவிடுங்கள். அதுவே போதும்.

எல்லாம் கேட்கிறது, ஆனால் புரியவில்லை

பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுவும் வேகமாக. ஜூமில் 'கேப்ஷன்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் பேசுவது எழுத்தாகக் கீழே ஓடும். காதுக்குப் பிடிபடாதது கண்ணுக்குப் பிடிபடும். இடப் பெயர்களை அது கடித்துக் குதறும், 'தோ பாயோ' என்ன பாடுபடும் என்று பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் வேக வரம்பு, டிமெரிட் பாயிண்ட், அபராதத் தொகை போன்ற எண்களை அநேகமாகச் சரியாகவே எழுதும். தேர்வில் கேட்பதும் இந்த எண்களைத்தான். அப்படியும் புரியவில்லை என்றால் இடைவேளையில் என்னைப் போன்ற ஓர் ஆளிடம் தமிழில் கேளுங்கள், பல மையங்களில் ஒருவராவது இருப்பார்.

படம் உறைந்துபோய் நிற்கிறது

இது பயிற்றுநர் எனக்குச் சொன்ன குறை. மதியம் 2 மணி இருக்கும், ஒரு டாக்ஸி அண்ணனின் படம் பத்து நிமிடமாக அசையவில்லை. லைன் விழுந்துவிட்டது என்று நினைத்துப் போன் செய்தேன். திரையில் அவர் பக்கத்தில் போன் மணி அடிப்பது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. லைன் நன்றாகவே இருந்தது, அண்ணன்தான் தூங்கிக்கொண்டிருந்தார். மாலை 5 மணிக்கு வண்டி எடுத்து, விடியற்காலை 5 மணிக்கு அடுத்த ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு, நேராக 9 மணி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்.

இதற்கு எந்த செட்டிங்கிலும் மருந்து கிடையாது. இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் பதியும்போதே மாலை வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முதல் நாள் இரவு வண்டி எடுக்காதீர்கள்; ஒரு நாள் வருமானம் போவது வலிக்கும், மறுபடி முதலிலிருந்து உட்காருவது அதைவிட வலிக்கும். அந்த அண்ணனை எழுப்பி, பயிற்றுநரிடம் பேசி, மறுவார மாலை வகுப்புக்கு மாற்றினோம். அன்றைக்கு 6.50-க்கே சேர்ந்துவிட்டார். பெயர் சரியாக இருந்தது, மைக் சரியாக இருந்தது, ஹோல்டர் அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. வருகைப் பதிவின்போதுதான் சிங்பாஸ் ஓடிபி பழைய எண்ணுக்குப் போனது.